ஆலன் டூரிங் சரித்திரம்

நமது புதுக்கோட்டை மாவட்டத்தினின்றும் உயர்தரக் கல்வி பயிலச் செல்லும் மாணாக்கருள் பலர் இந்நாளிற் கணினிக் கலையையே விரும்பி மேற்கொள்கின்றனர். அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், கந்தர்வகோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களிலே, கண்மாய்ப் பாசன நிலத்தை உழுது வாழும் பெற்றோருக்குப் பிறந்து, எம்.சி.ஏ. என வழங்கும் முதுகலை வகுப்பிற் புகும் அவர்கள் அங்கே ஒரு பாடத்தை எதிர்ப்படுகின்றனர். தனித்தனியே ஆக்கப்பெற்ற கூறுகளை இணைத்து, சர்வர் என்னும் பொது யந்திரத்தினிடத்தே இயங்கும் மென்பொருளை அமைக்கும் முறையே அப்பாடமாம். காம்பொனென்ட், இன்டர்பேஸ், கண்டெய்னர், என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் என்னும் பெயர்கள் அதன்கண் நிறைந்து கிடக்கின்றன. மாணாக்கர் பலர் அப்பெயர்களைத் தேர்வின் பொருட்டு மனனஞ் செய்து, தேர்வு முடிந்த மறுதினமே மறந்துவிடுகின்றனர். அவர்கள் கற்றவை பெயர்களே யன்றி, அப்பெயர்களின் பின்னே நின்ற எண்ணங்கள் அல்ல.

ஓர் எண்ணம் நமக்கு உரியதாக வேண்டுமாயின், அஃது எத்தகையார் உள்ளத்திலே, எவ்வகைத் தேவையினாலே முளைத்தது என்று அறிதல் நலம். கூறுகளைக் கொண்டு நிரல் கட்டும் எண்ணத்தையும், தொலைவிலுள்ள யந்திரத்தைப் பலரும் இருந்த இடத்திலிருந்தே ஏவும் எண்ணத்தையும், யந்திரம் கட்டப்படுமுன்னரே தெளிவுற எடுத்துரைத்தவர் ஆலன் மாத்திஸன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவர் வாழ்வு சிறப்பாலும் துயராலும் நிறைந்தது. அதனைச் சுருக்கி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

டூரிங்கின் குடும்பம் நம் நாட்டோடு தொடர்பற்றதன்று. அவருடைய தாயார் ஈதெல் ஸாரா ஸ்டோனி அம்மையார், கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலே 1881-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அம்மையாரின் தந்தையார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி, சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராய் விளங்கியவர். துங்கபத்திரை ஆற்றின் மீது பாலம் அமைத்தவர். ஓசையின்றி இயங்கும் பங்காச் சக்கரம் ஒன்றைப் புதிதாய்க் கண்டு அதற்கு உரிமை பெற்றவர். டூரிங்கின் தந்தையார் ஜூலியஸ் டூரிங், இந்திய சிவில் சர்வீசிலே சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர். மூத்த குமாரர் ஜான் 1908-ஆம் ஆண்டிலே குன்னூரிற் பிறந்தார். இளையவராகிய ஆலனைத் தாயார் கருவுற்றது, அக்காலத்திற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் ஜில்லாவின் சத்ரபூரிலே. ஆயினும் குழந்தை பிறந்தது லண்டன் மாநகரில், 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாளில்.

நம் நாட்டு வெப்பமும் நோய்களும் குழந்தைகளுக்கு ஆகா என்று அஞ்சிய பெற்றோர், மக்கள் இருவரையும் இங்கிலாந்தின் கடற்கரையூர் ஒன்றிலே ஓய்வு பெற்ற இராணுவ உத்தியோகஸ்தர் ஒருவரின் குடும்பத்தினிடம் ஒப்புவித்துவிட்டுத் தாம் இங்கு வந்தனர். ஆகவே ஆலன் இளமை தொட்டே தாய் தந்தையரை விட்டுப் பிரிந்து பிறர் மனையில் வளர்ந்த பிள்ளை. தன்னந்தனியே எண்ணுவதும், தன்னந்தனியே செய்து முடிப்பதும் அவருக்கு இயல்பாயின. 1926-ஆம் ஆண்டிலே, பதின்மூன்று வயதில், ஷெர்போர்ன் பள்ளியிற் சேரப் புறப்பட்டார். அந்நாளிற் பொது வேலைநிறுத்தத்தால் இரயில்கள் ஓடவில்லை. சிறுவர் மனந்தளராது, சைக்கிளில் ஏறி, ஏறக்குறைய அறுபது மைல் தூரம் தனியே சென்று, வழியில் ஓரிரவு தங்கிப் பள்ளியை அடைந்தார்.

அப்பள்ளியிலே கிறிஸ்டோபர் மார்க்கம் என்னும் மாணாக்கரிடம் அவருக்கு ஆழ்ந்த நட்பு உண்டாயிற்று. இருவரும் விண்மீன்களையும் கணிதத்தையும் பற்றி ஓயாது பேசினர். 1930-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நண்பர் காசநோயால் இறந்தார். அத்துயரம் டூரிங்கை விட்டு என்றும் நீங்கவில்லை. மனித உள்ளம் என்பது யாது, உடல் அழிந்தபின் அஃது என்னாகும், உள்ளத்தின் தொழிலை வேறொரு பொருளும் செய்யக்கூடுமோ என்னும் வினாக்கள் அப்போதே அவருள்ளத்தில் வேரூன்றின.

1931-ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1935-ஆம் ஆண்டில், இருபத்திரண்டாம் வயதிலேயே, அக்கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டிலே அவரது பெரும் ஆராய்ச்சி வெளிப்பட்டது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிறுவத்தக்கதோ அன்றோ என்று தவறாது முடிவு கூறும் பொது முறை ஒன்று உண்டா என்று ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் வினவியிருந்தார். இல்லை என்று டூரிங் நிறுவினார். அமெரிக்காவில் அலோன்ஸோ சர்ச் என்பாரும் வேறு வழியால் அம்முடிவையே கண்டிருந்தார். ஆயினும் டூரிங் சென்ற வழியே பின்னாளிற் பெரும்பயன் விளைத்தது. கட்டங் கட்டமாகப் பகுக்கப்பட்ட முடிவற்ற ஒரு நாடா. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி. அதனைப் படித்து, மாற்றி, இடமும் வலமும் நகரும் ஒரு யந்திரம். இவ்வளவே அவர் மனத்தாற் படைத்தது. வேறு எந்த யந்திரத்தின் செய்கையையும் குறிகளாக எழுதி நாடாவில் வைத்தால், அதனைப் படித்து அவ்வாறே செய்துகாட்டும் பொதுயந்திரம் ஒன்று இயலும் என்பதை அவர் காட்டினார்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நமது குடுமியான்மலையிலே, குகைக் கோயிலை அடுத்த பாறையில் ஏழாம் நூற்றாண்டின தெனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. உருத்திராசாரியர் என்பாரின் மாணாக்கனாகிய ஓர் அரசன், பயில்வார் நன்மையின் பொருட்டு, ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகளை நந்நான்காக வகுத்து அதில் வெட்டுவித்தான். யாழ் ஒன்றே, கல்லில் எழுதிய கோவை மாறினால் அதினின்று எழும் இசை மாறும். அதுபோல யந்திரம் ஒன்றே. எழுதிக்கொடுக்கும் கட்டளை மாறினால் அதன் தொழில் மாறும். கணக்கிடவும், கடிதம் எழுதவும், படம் காட்டவும் ஒரே கணினி உதவுதற்குக் காரணம் இதுவே. டூரிங் இதனைக் கண்டபோது உலகில் மின்னணுக் கணினி ஒன்றேனும் இருந்ததில்லை.

அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1938-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டிலே பெரும்போர் மூண்டது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்திலே, பகைவரின் மறைமொழியை அவிழ்க்கும் இரகசியப் பணியில் அமர்ந்தார். ஜெர்மானியர் எனிக்மா என்னும் யந்திரத்தால் தம் செய்திகளை மறைத்து அனுப்பினர். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னரே அதன் மறைவைப் பெரிதும் அறிந்து, தாம் அறிந்ததை ஆங்கிலேயருக்கு உரைத்திருந்தனர். அவர்தம் அடிப்படையின்மேல், டூரிங் பாம் என்னும் யந்திரத்தைத் திட்டமிட்டார். கார்டன் வெல்ச்மன் என்பார் அதனை மேலும் திருத்தினார். 1940-ஆம் ஆண்டிலே அது வேலை செய்யத் தொடங்கிற்று. கடற்படையின் மறைமொழி மிகக் கடியது. பிறர் கைவிட்ட அதனை டூரிங் தாமே வலிந்து மேற்கொண்டார். நீர்மூழ்கிக் கப்பல்களின் செய்திகள் அவிழ்க்கப்பட்டமையால், உணவும் எரிபொருளும் ஏற்றிவந்த கப்பல்கள் பல தப்பின. அவற்றிலிருந்த உயிர்களும் தப்பின.

அவருடைய நடையுடை பாவனைகள் விந்தையானவை. மகரந்தத் தூளால் தும்மல் மிகும் பருவத்தே விஷவாயுக் கவசத்தை முகத்தில் அணிந்து சைக்கிளிற் செல்வார். தேநீர்க் கோப்பையைப் பிறர் எடுத்துச் செல்லாதபடி சங்கிலியாற் பிணித்து வைப்பார். நெடுந்தூர ஓட்டத்தில் வல்லவர். 1947-ஆம் ஆண்டிலே மாரத்தான் தூரத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினார். போர்ப்பணியின் பொருட்டு அரசாங்கம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. ஆயின் அப்பட்டம் எதற்கென்பதை அவர் தம் தாயாரிடமும் கூறலாகாது. பிளெட்ச்லியின் இரகசியம் 1974-ஆம் ஆண்டிலேதான் உலகறிய வெளிவந்தது. அப்போது டூரிங் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, நமது மாணாக்கர் பயிலும் பாடத்தின் வித்து எங்கே உள்ளது என்பதைக் கூறுவோம். போர் முடிந்தபின், 1945-ஆம் ஆண்டு அக்டோபரில், டூரிங் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்திற் சேர்ந்து, ஏஸ் என்னும் கணினிக்கு விரிவான திட்டம் எழுதினார். அது 1946-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் முன் வைக்கப்பட்டது. செலவு 11,200 பவுன் ஆகுமென அவர் மதிப்பிட்டார். அத்திட்டத்தினுள்ளே, கட்டளைகளை ஒரே நெடுந்தொடராய் எழுதாமல், அடிக்கடி வேண்டப்படும் சிறுதொழில்களுக்குத் துணை அட்டவணைகளை ஒருமுறை எழுதி வைத்து, வேண்டும்போதெல்லாம் அழைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தார். இரும எண்களைத் தசம எண்களாக மாற்றுதல் அத்தகைய சிறுதொழில்களுள் ஒன்று.

ஆயின் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு வேலையை நடுவே நிறுத்தித் துணை அட்டவணைக்குச் செல்லும் யந்திரம், திரும்பி வரவேண்டிய இடத்தை நினைவில் வைத்தல் வேண்டும். துணை அட்டவணை மற்றொன்றை அழைக்குமாயின் இரண்டு இடங்களை நினைத்தல் வேண்டும். இதற்கு டூரிங் ஓர் உபாயம் கண்டார். திரும்ப வேண்டிய இடத்தின் குறிப்பைப் புதைத்து வைத்தல்; வேலை முடிந்ததும் தோண்டியெடுத்தல்; கடைசியிற் புதைத்ததை முதலில் எடுத்தல். நெல் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினவர், மேல் மூட்டையைத்தானே முதலில் இறக்குவர்! இன்றைய கணினி நூல்கள் இதனை ஸ்டாக் என்று கூறும்.

துணை அட்டவணையின் மேன்மை யாதெனின், அதனை அழைப்பவன் அதன் உள்ளமைப்பை அறியவேண்டுவதில்லை என்பதே. நம் ஊர்க் கண்மாயின் மடையை நோக்குக. வயலுக்குரியவன் மடை திறந்தால் நீர் வரும் என்பதை அறிவான். குமிழித் தூம்பின் கற்களை யார் செதுக்கினர், கரையின் அடியில் நீர் எவ்வாறு வளைந்து வருகின்றது என்பவற்றை அவன் அறியாதிருப்பினும் பயிர் விளையும். பழுதுற்ற கல்லை அதே அளவான வேறொரு கல்லால் மாற்றினால் கீழுள்ள வயல் ஒன்றையும் மாற்றவேண்டுவதில்லை. மடையின் வாய் மாறாதிருத்தலே வேண்டும். அவ்வாயையே இக்காலத்தார் இன்டர்பேஸ் என்கின்றனர்.

1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் லண்டன் கணிதச் சங்கத்தின் முன்னர் டூரிங் ஒரு சொற்பொழிவாற்றினார். தொலைவிலுள்ள கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஏவுதல் இயலும் என்றும், அதற்கென வெளியிடங்களில் வைக்கும் சிறு கருவிகளுக்குச் சில நூறு பவுன்களே செலவாகும் என்றும் அவர் அங்கே கூறினார். பெருங்கணினி ஓரிடத்திலிருக்க, பலர் பலவிடங்களிலிருந்து அதன் உதவியைப் பெறுதல் என்னும் இன்றைய சர்வர் முறையின் முன்னோட்டம் அது. அச்சொற்பொழிவில் மற்றோர் எச்சரிக்கையும் இருந்தது. கட்டளை அட்டவணை எழுத வல்லோர், தம் தொழிலையும் யந்திரமே செய்துவிடுமோ என்றஞ்சி, விளங்காத மொழியால் அதனை மூடி மறைக்கக்கூடும் என்று அவர் கூறினார். இதனை நமது மாணாக்கர் மறவாதிருத்தல் வேண்டும்.

காலதாமதத்தால் மனம் வெறுத்து டூரிங் அவ்வாராய்ச்சிக்கூடத்தை விட்டு நீங்கி, 1948-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தை அடைந்தார். ஏஸ் யந்திரத்தின் சிறு முன்மாதிரி 1950-ஆம் ஆண்டிலேதான் இயங்கிற்று. இதனிடையே கேம்பிரிட்ஜில் 1949-ஆம் ஆண்டு எட்ஸாக் என்னும் கணினி இயங்கத் தொடங்க, வில்க்ஸ், வீலர், கில் என்னும் மூவரும் துணை நிரல்களின் நூலகம் ஒன்றை அமைத்து 1951-ஆம் ஆண்டில் அதுபற்றி நூலும் வெளியிட்டனர். 1968-ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மாநாட்டில், டக்ளஸ் மெக்கில்ராய் என்பார், ஆலைகளில் உறுப்புகள் செய்யப்படுமாறு போல மென்பொருளின் கூறுகளும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு யார்க்கும் கிடைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1998-ஆம் ஆண்டில் ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் என்னும் விதிமுறையை வெளியிட்டனர். அவ்வழியே வந்த தொகுதி இன்று ஜக்கார்த்தா என்னும் பெயருடன் எக்லிப்ஸ் அறநிலையத்தின் பொறுப்பில் உள்ளது.

அதன் இயல்பைச் சிறிது விளக்குவோம். புதுக்கோட்டையிலிருந்து சென்னை செல்ல ஒருவர் தம் கைப்பேசியிலே பயணச்சீட்டு வேண்டுகிறார் என்று கொள்வோம். இருக்கை ஒதுக்குதல் ஒரு கூறு. கட்டணம் கணக்கிடுதல் ஒரு கூறு. பணம் பெறுதல் ஒரு கூறு. இவற்றை எழுதுவோன் அவ்வத் தொழிலை மட்டும் எழுதினாற் போதும். ஒரே இருக்கையை ஆயிரவர் ஒருங்கே கேட்டால் வரிசைப்படுத்துதல், கேட்பவர் உரிமையுடையவரோ என்று ஆராய்தல், பணம் வாராதவழி ஒதுக்கிய இருக்கையை மீட்டு முன்னிருந்த நிலையில் வைத்தல் ஆகிய பொதுக் காவல்களை, அக்கூறுகளைத் தன்னுள் ஏற்றுக் காக்கும் கண்டெய்னர் மேற்கொள்ளும். ஒரு கூறு பழுதுபட்டால், அதே வாயுடைய மற்றொன்றை அவ்விடத்தில் வைக்கலாம். மாற்றிவைத்தற்கு எளிதாயிருத்தலே கூற்றின் சிறப்பு.

மான்செஸ்டரிலே டூரிங் அங்கிருந்த கணினிக்கு நிரல் எழுதுவோர் கைநூலை இயற்றினார். 1950-ஆம் ஆண்டிலே யந்திரம் சிந்திக்குமோ என்னும் வினாவை ஆராய்ந்து, மைன்ட் என்னும் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். திரைமறைவிலிருந்து எழுத்தால் விடையளிப்பது மனிதனோ யந்திரமோ என்று பகுத்தறிய முடியாதாயின், அந்த யந்திரத்தைச் சிந்திப்பதென்று கொள்வதில் தடை யாது என்பது அதன் கருத்து. 1951-ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மறு ஆண்டிலே, விலங்குகளின் உடலில் புள்ளிகளும் வரிகளும் தோன்றுதற்கு இரசாயனப் பொருள்களின் பரவல் எவ்வாறு காரணமாகலாம் என்பதைக் கணிதத்தால் விளக்கினார்.

அவ்வாண்டே அவருக்குக் கேடு சூழ்ந்தது. அவர் இல்லத்தில் களவு நிகழ, அவர் தாமே காவலரிடம் முறையிட்டார். விசாரணையில், தமக்கு ஓர் ஆடவரோடு இருந்த உறவை அவர் மறைக்கவில்லை. 1885-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆங்கிலச் சட்டத்தின்படி அது குற்றம். 1952-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் நியாயஸ்தலத்திலே குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றார். சிறைவாசத்திற்குப் பதிலாக, பெண்மைச் சுரப்பு மருந்தை ஓராண்டளவும் உடலில் ஏற்றுக்கொள்ள உடன்பட்டார். அரசாங்கத்தின் இரகசியப் பணியில் அவருக்கிருந்த இடமும் பறிக்கப்பட்டது. போரிலே நாட்டைக் காத்தவர் இவர் என்று எடுத்துரைக்க வல்லார் சிலரே. அவர்களும் இரகசியத்தாற் கட்டுண்டிருந்தமையால் உண்மையை உரைத்தற்கில்லை.

1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், நாற்பத்திரண்டாம் ஆண்டு நிறைவுக்குப் பதினாறு நாள் குறைவாயிருக்க, வில்ம்ஸ்லோவிலுள்ள தம் இல்லத்தில் சயனைட் நஞ்சால் இறந்தார். தற்கொலை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். இரசாயனப் பரிசோதனையில் நேர்ந்த விபத்தே அது என்று தாயார் இறுதிவரை நம்பினார். போத்தனூரிற் பிறந்த அவ்வம்மையார், தம் மகனுக்கு முன் இறக்கவேண்டியவர் பின்னும் பல்லாண்டு வாழ்ந்து, 1959-ஆம் ஆண்டிலே மகனுடைய சரித்திரத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். போர்க்காலத்தில் அவர் செய்ததன் பெருமையை முற்றும் அறியாமலே அந்நூலை எழுதவேண்டியிருந்தது என்பதை நினைக்க உள்ளம் உருகுகின்றது.

பிற்காலத்தார் தம் பிழையை உணர்ந்தனர். 1966-ஆம் ஆண்டு முதல் கணினித் துறையின் தலைசிறந்த பரிசு டூரிங் பெயரால் வழங்கப்படுகின்றது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற ராஜ் ரெட்டி அவர்கள் 1994-ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார். 2009-ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பிரதம மந்திரி, டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக வருத்தம் தெரிவித்தார். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2017-ஆம் ஆண்டில் அதே வகையாகத் தண்டிக்கப்பட்டு இறந்த ஆயிரக்கணக்கானோருக்கும் மன்னிப்பு விரிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டிலே அவருடைய உருவம் 50 பவுன் நோட்டில் இடம்பெற்றது. நம் நாட்டிலும், ஆங்கிலேயர் 1860-ஆம் ஆண்டில் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, மனமொத்த வயதுவந்தோரின் இத்தகைய உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இச்சரித்திரத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. முதலாவது, கலையைப் பற்றியது. நமது சிற்றூர் மாணாக்கர் இப்பாடத்தைப் பிறர்க்குரிய மந்திரமென்று அஞ்சவேண்டா. மடையும் கலிங்கும் அறிந்த குடியிற் பிறந்தார்க்கு, ஒன்றை ஒருமுறை செவ்வனே செய்து பலருக்கும் பயன்படவிடுதல் புதிய செய்தியன்று. கற்றபின், தாம் அறிந்ததை விளங்காத சொற்களால் மூடாமல், தமக்குப் பின் வருவோர் எடுத்தாளும்படி தெளிவாக எழுதிவைப்பது அவர்தம் கடன்.

இரண்டாவது, மனிதரைப் பற்றியது. கூறு பழுதானால் எடுத்தெறிந்து வேறொன்றை வைக்கலாம். கூறுகளின் இலக்கணம் அதுவே. அவ்விலக்கணத்தை யந்திரத்துக்கு வகுத்துக் கொடுத்தவரையே, தேவை தீர்ந்ததும் அவருடைய அரசாங்கம் ஒரு கூறாகக் கருதி எறிந்துவிட்டது. அவர் நின்ற இடத்தில் மற்றொருவரை வைக்க இன்றளவும் இயலவில்லை. நாற்பத்தொன்றாம் வயதில் நின்றுபோன அந்த ஆராய்ச்சி இன்னும் எத்தனை கண்டிருக்கும் என்று கூற வல்லார் யாவர்? நம் மாணாக்கர் நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் அதிகாரம் பெற்று அமரும்போது, தம் மேசைமுன் வந்து நிற்பவர் மாற்றிவைக்கத்தக்க உறுப்பு அல்லர், மனிதர் என்பதை நினைவிற் கொள்வாராயின், யாம் இதனை எழுதியதன் பயனைப் பெற்றோமாவோம்.